குறுவைக்கு முன் வாடிக்கையாளர் பட்டியலைச் சீர்செய்தல்: ஒரே எண்ணில் நான்கு பெயர்கள் இருந்தால் என்ன செய்வது?

குடமுருட்டி எழுதியது:

வணக்கம். கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்டு விதை, உரம், பூச்சிமருந்து, தெளிப்பான் முதலியவற்றை விற்கும் ஒரு நிறுவனத்தில் விற்பனை மேம்பாட்டுப் பிரிவைக் கவனித்து வருகிறேன். மயிலாடுதுறை, மன்னார்குடி, திருவாரூர், பட்டுக்கோட்டை ஆகிய ஊர்களிலும் எங்களுக்குக் கிளைகள் உண்டு. மேட்டூர் அணை திறப்பை ஒட்டிக் குறுவை விதை வந்திருக்கும் செய்தியை உழவர்களுக்குக் குறுஞ்செய்தியாகவும் வாட்ஸ்அப்பிலும் அனுப்புவது எங்கள் வழக்கம்.

இதற்குப் பயன்படும் பட்டியல் நான்கு வழிகளில் வந்து சேர்ந்தது. பில் போடும் மென்பொருளில் உள்ள பெயர்கள், களப்பணியாளர்கள் நோட்டில் எழுதிவந்து பிறகு தட்டச்சு செய்யப்பட்டவை, வேளாண் கண்காட்சிகளில் நிரப்பி வாங்கிய படிவங்கள், சில்லறை விற்பனையாளர்கள் கொடுத்த பட்டியல்கள் ஆகியவை அந்த நான்கும். எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்தால் நாற்பதாயிரம் வரிகளுக்கு மேல் வருகிறது. உண்மையில் எத்தனை உழவர்கள் இருக்கிறார்கள் என்று கேட்டால் எங்களில் எவராலும் பதில் சொல்ல முடியவில்லை. ஒரே கைபேசி எண்ணில் நான்கு பெயர்கள் இருக்கின்றன. ஒரே பெயர் ஒரே ஊரில் மூன்று எண்களோடு இருக்கிறது. பட்டுக்கோட்டைப் பக்கத்துத் தென்னை விவசாயிகளுக்கு நெல் விதைச் செய்தி போகிறது. இவற்றைவிட மனத்தை உறுத்துவது ஒன்றுண்டு. காலமாகிவிட்ட ஒரு பெரியவரின் பெயருக்கே செய்தி தொடர்ந்து போய்க்கொண்டிருந்ததால், அவருடைய மகன் கிளைக்கு நேரில் வந்து வருத்தத்தோடு சொல்லிவிட்டுப் போனார்.

எங்கள் முதலாளி, இரட்டைப் பதிவுகளை நீக்கும் மென்பொருள் ஒன்றை வாங்கி, கைபேசி எண்ணையே அடையாளமாக வைத்து, ஓர் எண்ணுக்கு ஒரு பெயர் என்று ஒரே நாளில் முடித்துவிடலாம் என்கிறார். எனக்கு அதில் தயக்கம் இருக்கிறது. ஆனால் அந்தத் தயக்கத்தை அவருக்குக் காரணத்தோடு எடுத்துச் சொல்லத் தெரியவில்லை. எதை அடையாளமாகக் கொள்வது, எவற்றை ஒன்றிணைப்பது, எவற்றைத் தொடாமல் விடுவது என்பதில் அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன். ஜூனுக்கு இன்னும் மூன்று மாதங்களே உள்ளன.

வெண்ணாறு எழுதியது:

வணக்கம் ஐயா. தஞ்சாவூரில் பம்புசெட்டும் பண்ணைக் கருவிகளும் விற்கும் ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் தரவைப் பல ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். தங்கள் தயக்கம் முற்றிலும் நியாயமானது. அந்த மென்பொருளை வாங்க வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கைபேசி எண் ஒன்றை மட்டும் நம்பி அதை ஓடவிட்டால், தங்கள் பட்டியலில் உள்ள தவறுகள் போகாது, அவை கண்ணுக்குத் தெரியாமல் புதைந்துவிடும்.

முதலில் எதையும் நீக்காமல் ஒரு கணக்கு மட்டும் எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு கைபேசி எண்ணும் எத்தனை வரிகளில் வருகிறது என்று எண்ணி, அதிகமாக வருபவற்றை மேலே வைத்து வரிசைப்படுத்துங்கள். எண்களில் உள்ள இடைவெளி, கோடு, முன்னால் உள்ள பூஜ்யம், நாட்டுக் குறியீடான 91 ஆகியவற்றை நீக்கிவிட்டு, பத்து இலக்கமும் 6, 7, 8, 9 ஆகியவற்றுள் ஒன்றில் தொடக்கமும் உள்ளவற்றை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். பட்டியலின் உச்சியில் வரும் எண்கள் யாருடையவை என்று பார்த்தால் பெரும்பாலும் உங்கள் கடையின் எண், கவுண்டரில் இருப்பவரின் சொந்த எண், களப்பணியாளரின் எண், அந்த ஊரில் பலருக்கும் சேர்த்து மூட்டை வாங்கிச் செல்பவரின் எண் ஆகியவையாகத்தான் இருக்கும். பில் மென்பொருளில் கைபேசி எண்ணை நிரப்பாமல் அடுத்த கட்டத்துக்குப் போக முடியாது என்று வைத்திருந்தால், எண் சொல்லாத வாடிக்கையாளர் முன்னால் நிற்கும்போது கவுண்டரில் இருப்பவர் ஏதோ ஓர் எண்ணைப் போட்டாக வேண்டும். கட்டாயப்படுத்தும் இடத்தில்தான் பொய்த் தரவு பிறக்கிறது என்பது என்னுடைய உறுதியான கருத்து. ‘எண் தரவில்லை’ என்று தேர்வு செய்ய ஒரு வழியை மென்பொருளில் வைத்துவிட்டால் இந்த வகைக் குப்பையின் வரவு உடனே குறைந்துவிடும். முதலாளி சொல்லும் முறைப்படி இணைத்தால், அந்தக் கடை எண்ணில் உள்ள அத்தனை உழவர்களும் ஒரே ஆளாகி, அவர் ஒரு பருவத்துக்கு லாரி லாரியாக விதை வாங்கியவராகவும் ஆகிவிடுவார். இதை அவரிடம் உங்கள் சொந்தப் பட்டியலிலிருந்தே எடுத்துக் காட்டுங்கள். வேறு விளக்கம் தேவைப்படாது.

அடுத்தது, யாரை வாடிக்கையாளர் என்கிறோம் என்ற கேள்வி. நம் பகுதியில் ஆள் வேறு, கைபேசி வேறு, நிலம் வேறு. அப்பா பெயரில் நிலம், மகன் கையில் கைபேசி, பில் போடும்போது சொல்வது அம்மாவின் பெயர் என்றிருக்கும் குடும்பங்கள் ஏராளம். கோயில் நிலத்தையோ மடத்து நிலத்தையோ குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்பவர் விதை வாங்குவார். சிட்டாவில் அவர் பெயர் இருக்காது. ஆகவே ஒரே அட்டவணையில் எல்லாவற்றையும் அடைக்காமல், ஆட்களுக்கு ஒன்று, தொடர்பு எண்களுக்கு ஒன்று, சாகுபடிக் குடும்பத்துக்கு ஒன்று என மூன்றாகப் பிரித்து, இவற்றுக்கிடையே இணைப்பு கொடுங்கள். ஓர் எண்ணில் நான்கு பெயர்கள் இருப்பது அப்போது தவறாகவே தெரியாது; நான்கு பேர் ஒரு கைபேசியைப் பகிர்ந்துகொள்ளும் ஒரு குடும்பம் என்று தெரியும். செய்தி அனுப்புவது எண்ணுக்கு ஒருமுறை, விற்பனைக் கணக்கு குடும்பத்துக்கு, அழைத்துப் பேசுவது ஆளை என்று மூன்றும் தத்தம் இடத்தில் நிற்கும்.

பெயரையும் ஊரையும் கொண்டு இணைக்கலாமே என்று தோன்றும். அதில் ஒரு பெரிய பொறி உள்ளது. பேரனுக்குத் தாத்தாவின் பெயரை வைக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு அல்லவா? கா. இராமசாமி என்பவரின் மகன் இரா. காளியப்பன் என்றால், அவருடைய மகன் மறுபடியும் கா. இராமசாமி ஆகிறார். பெயர், தலைப்பெழுத்து, தெரு, கதவிலக்கம் அனைத்தும் ஒன்று, ஆட்கள் இருவர், அவர்களில் ஒருவர் மறைந்திருக்கவும் கூடும். எந்த மென்பொருளும் இதை முழுப்பொருத்தம் என்றே சொல்லும். பிறந்த ஆண்டையோ, அதைக் கேட்பது உறுத்தலாக இருந்தால் வயது வரம்பையோ வைத்திருந்தால் மட்டுமே இதைப் பிரிக்க முடியும். எங்கள் படிவத்தில் ‘இவர் இன்னாரின் பேரன்’ என்று எழுதக் குறிப்புக்கான ஓர் இடத்தையே தனியாக வைத்திருக்கிறோம்.

பதிவுகளை ஒப்பிட்டு இணைப்பதற்கு ஒரு முறையான கணிதக் கோட்பாடு உண்டு. கனடாவின் புள்ளியியலாளர்களான ஐவன் ஃபெல்லகி, ஆலன் சன்டர் ஆகிய இருவர் 1969-இல் அதை வெளியிட்டார்கள். இன்றைய மென்பொருள்களில் பலவும் அதன் வழிவந்தவையே. அதில் நமக்குப் பயன்படும் கருத்துகள் இரண்டு. அரிதான பெயர் ஒத்துப்போனால் அதிக மதிப்பும், பரவலான பெயர் ஒத்துப்போனால் குறைந்த மதிப்பும் தர வேண்டும் என்பது ஒன்று. முடிவை ‘ஒன்றே’, ‘வேறு’ என்று இரண்டாகப் பிரிக்காமல், ‘ஆள் பார்த்து முடிவு செய்ய வேண்டியது’ என்ற மூன்றாவது வகையையும் வைக்க வேண்டும் என்பது மற்றொன்று. முதலாவதை நம் ஊருக்குத் தக்கபடி அமைக்க வேண்டும். திருவாரூரைச் சுற்றித் தியாகராஜன்களும், மன்னார்குடியைச் சுற்றி ராஜகோபாலன்களும், சுவாமிமலையைச் சுற்றிச் சுவாமிநாதன்களும் நிறைந்திருப்பார்கள். திருவாரூர்க் கிளையில் இரண்டு தியாகராஜன்கள் ஒத்துப்போவது எதையும் நிரூபிக்காது. அதே பெயர் பட்டுக்கோட்டைக் கிளையில் ஒத்துப்போனால் கொஞ்சம் கவனிக்கலாம். எனவே பெயரின் அரிது, பரவல் ஆகியவற்றை மொத்தப் பட்டியலில் கணக்கிடாமல் கிளைவாரியாகக் கணக்கிடுங்கள்.

எதை இணைத்தாலும், இணைத்ததைப் பிரிக்கும் வழியை வைத்துக்கொண்டே இணையுங்கள். விதைப் பண்ணையில் கலவன்களை, அதாவது வேற்று ரகச் செடிகளை, பயிர் நிற்கும்போதே பிடுங்க வேண்டும், களத்துமேட்டில் நெல் ஒன்றாகக் குவிந்த பிறகு இரண்டு ரகங்களைப் பிரிக்க ஆளில்லை என்பது விதை விற்கும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, பதிவுகளும் அப்படித்தான். மூல வரிகளை அழிக்காமல் அப்படியே வைத்து, ‘இந்த வரியும் அந்த வரியும் ஒரே ஆள் என்று இன்னார் இன்ன தேதியில் முடிவு செய்தார்’ என்ற குறிப்பை மட்டும் தனி அட்டவணையில் எழுதுங்கள். தவறு என்று பின்னால் தெரிந்தால் அந்தக் குறிப்பை நீக்கினால் போதும்.

இணைத்த பிறகு எந்த மதிப்பு நிலைக்க வேண்டும் என்பதில், ‘கடைசியாகத் திருத்தப்பட்டது எதுவோ அதுவே சரி’ என்ற விதியைப் பலரும் கண்ணை மூடிக்கொண்டு வைக்கிறார்கள். ஒரு பழைய கண்காட்சிப் பட்டியலை நேற்று யாராவது மொத்தமாக ஏற்றியிருந்தால், அத்தனை பழைய எண்களும் புதியவையாகக் காட்சியளிக்கும். தேதியைப் பார்க்காமல் வந்த வழியைப் பாருங்கள். கவுண்டரில் கேட்டு அந்த எண்ணுக்கு அழைத்து உறுதிசெய்தது முதலிடம், களப்பணியாளர் வயலில் கேட்டு எழுதியது அடுத்தது, கண்காட்சிப் படிவமும் சில்லறை விற்பனையாளரின் பட்டியலும் கடைசி.

கடைமடை எழுதியது:

திருத்துறைப்பூண்டிப் பக்கம் களப்பணியில் இருப்பவன் என்ற முறையில், பெயரையும் எண்ணையும் விட்டுவிட்டு வேறு இரண்டைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

உங்கள் பட்டியலில் ‘நிலப்பரப்பு’ என்று ஒரு பத்தி (நெடுவரிசை) இருக்கும். அதில் ‘3’ என்று எழுதியிருந்தால், அது எதில் மூன்று? பெரியவர்கள் மாவிலும் வேலியிலும் சொல்வார்கள். இளையவர்கள் ஏக்கரில் சொல்வார்கள். எழுதியவர் வெறும் எண்ணை மட்டும் எழுதிக்கொண்டு வந்திருப்பார். நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. மூன்று மா ஏறத்தாழ ஓர் ஏக்கர். மூன்று வேலி ஏறத்தாழ இருபது ஏக்கர். ஒரே ‘3’ என்ற எண்ணுக்குள் சிறு குத்தகைதாரரும் பெரும் பண்ணையாரும் அடங்கிவிடுகிறார்கள். இந்தப் பத்தியைப் பார்த்துத்தான் பெரிய விவசாயிகளுக்கு என்று தனிச் சலுகையை முடிவு செய்கிறீர்கள் என்றால், செய்தி யாருக்குப் போகிறது என்று உங்களுக்கே தெரியாது.

இதைச் சரிபார்க்க ஒவ்வொருவரையும் அழைக்க வேண்டியதில்லை. உங்கள் பில்லே சாட்சி சொல்லும். நடவு முறையில் குறுகிய கால ரகங்களுக்கு ஹெக்டேருக்கு 60 கிலோ விதை என்பது வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. அதாவது ஏக்கருக்குச் சுமார் 24 கிலோ. பரப்பு ‘3’ என்றிருந்து, குறுவைக்கு ஆடுதுறை 36 அல்லது 43 ரகத்தில் 25 கிலோ வாங்கியிருந்தால் அது மா. எழுபது கிலோவுக்கு மேல் வாங்கியிருந்தால் அது ஏக்கராக இருக்க வாய்ப்பு அதிகம். நேரடி விதைப்பில் அளவு கூடும், இயந்திர நடவில் குறையும், சொந்த விதையோடு சேர்த்து வாங்குபவர்களும் உண்டு. ஆகவே இது முடிவான தீர்ப்பு ஆகாது. ஆனாலும் சந்தேகத்துக்குரிய வரிகளை இது பிரித்துக் கொடுக்கும். இனிமேல் எழுதும்போது எண்ணுக்குப் பக்கத்தில் அளவை அலகையும் தேர்வு செய்யும்படி வையுங்கள். விவசாயி மாவில் சொன்னால் மாவிலேயே எழுதட்டும். ஏக்கராக மாற்றுவது கணினியின் வேலை.

இரண்டாவது, ‘ஓராண்டாக எதுவும் வாங்காதவர் இனி நம் வாடிக்கையாளர் இல்லை’ என்று நீக்கும் வழக்கம். வேறு ஊர்களில் மளிகைக்கும் துணிக்கும் அது பொருந்தலாம். ஆற்றுத் தண்ணீரை நம்பியுள்ள நமக்குப் பொருந்தாது. 2023-இல் வழக்கமான ஜூன் 12 அன்று மேட்டூர் திறக்கப்பட்டது. 2024-இல் நீர் இருப்பு போதாமல் ஜூலை 28 அன்றுதான் திறந்தார்கள். ஆழ்குழாய்க் கிணறு இல்லாதவர் அந்த ஆண்டு குறுவையை விட்டுவிட்டு நேராகச் சம்பாவுக்குப் போயிருப்பார். ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடையில் குறுவையே செய்யாமல் சம்பா மட்டும் செய்பவர்கள் எப்போதும் உண்டு. மாதக் கணக்கை வைத்து நீக்கினால், உங்களை விட்டுப் போகாதவர்களை எல்லாம் நீங்களே வெளியே தள்ளுகிறீர்கள். குறுவை, சம்பா, தாளடி என்று பருவவாரியாக வாங்கிய விவரத்தை வைத்து, தண்ணீர் ஒழுங்காக வந்த அதே பருவத்தில் தொடர்ந்து இருமுறை வராதவரை மட்டும் தனியே குறியுங்கள். நீக்காதீர்கள், ஏன் வரவில்லை என்று கேட்க ஒரு களப்பணியாளரை அனுப்புங்கள்.

பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துப் பதிவுகளில் ‘தென்னை’ என்று இருப்பவை 2018 நவம்பர் கஜா புயலுக்கு முன் எழுதப்பட்டவையா, பின் எழுதப்பட்டவையா என்றும் பாருங்கள். முன் எழுதப்பட்டவை என்றால் அந்தத் தோப்பு இன்று இருக்கிறதா என்பதே கேள்வி. பயிர் விவரத்துக்குப் பக்கத்தில் அது எந்த ஆண்டில் கேட்டது என்பதும் இருக்க வேண்டும்.

குடமுருட்டி எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. வெண்ணாறு ஐயா சொன்ன கணக்கை இன்று காலை எடுத்துப் பார்த்தோம். முதலிடத்தில் வந்தது எங்கள் மயிலாடுதுறைக் கிளையின் கைபேசி எண். முதலாளி அதைப் பார்த்துவிட்டு, ‘நிறுத்து, யோசிப்போம்’ என்றார்.

இப்போது இன்னொரு சிக்கல் முன்னால் நிற்கிறது. பில்லில் பெயர்கள் ஆங்கில எழுத்தில் உள்ளன. களப்பணியாளர் பட்டியல்களில் சில பழைய தமிழ் எழுத்துருவிலும் சில யூனிகோடிலும் உள்ளன. ஒரே கண்ணுக்குத் தெரியும் இரண்டு பெயர்களைக் கணினி வேறு வேறு என்கிறது. ஊர்ப் பெயர்களிலும் இதே குழப்பம். இதற்கு வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அரசலாறு எழுதியது:

இந்தப் பகுதியில்தான் என் வேலை என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்தவை உண்மையில் ஆங்கில எழுத்துகளே. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகத் தெரியும். மாற்றி வழியாக இவற்றை யூனிகோடுக்குக் கொண்டுவரலாம். ஆனால் ஒரே பத்தியில் பாமினியும் யூனிகோடும் உண்மையான ஆங்கிலமும் கலந்திருக்கும் என்பதால், முழுப் பத்தியையும் ஒன்றாக மாற்றியில் போடாமல் முதலில் மூன்றாகப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

யூனிகோடுக்குள்ளேயும் ஒரே தோற்றத்துக்கு இரண்டு வடிவங்கள் உண்டு. ‘கொ’ என்பதை ஒற்றை ஒகரக் குறியாகவும் எழுதலாம், எகரக் கொம்பும் காலும் தனித்தனியாக வரும்படியும் எழுதலாம். பார்வைக்கு வேறுபாடே தெரியாது. இவற்றை ஒன்றாக்கும் என்.எஃப்.சி. என்ற சீராக்கம் பெரும்பாலான கணினி மொழிகளில் கிடைக்கிறது. ஒப்பிடுவதற்கு முன் அதைக் கட்டாயம் ஓட்டுங்கள். ‘கௌரி’ என்பதை ளகரம் போட்டுக் ‘கெளரி’ என்று எழுதுவதையும், ‘ஸ்ரீ’ என்பதன் இருவேறு குறியீட்டு வடிவங்களையும் அந்தச் சீராக்கம் தீர்க்காது. அவற்றுக்குத் தனி விதி எழுத வேண்டும்.

ஆங்கில எழுத்தில் உள்ள பெயர்களை ஒலியால் ஒப்பிட மென்பொருள்கள் பெரும்பாலும் சவுண்டெக்ஸ் என்ற முறையைக் கொடுக்கின்றன. 1918-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற அந்த முறை ஆங்கில ஒலிப்புக்காக அமைந்தது. ‘ஏழுமலை’ என்பதை ஒருவர் ழகரத்துக்கு இசட்டும் எச்சும் போட்டு எழுதினால் ஒரு குறியீடும், எல் போட்டு எழுதினால் வேறு குறியீடும் வரும். நம் பெயர்களுக்கு அது உதவாது. ஒப்பிடுவதற்கென்றே ஒரு சாவிப் பத்தியை உருவாக்குங்கள். அதில் ர, ற இரண்டையும் ஒன்றாக்குங்கள்; ல, ள, ழ மூன்றையும் ஒன்றாக்குங்கள்; ந, ன, ண மூன்றையும் ஒன்றாக்குங்கள். ‘இராமசாமி’, ‘ராமசாமி’, ‘ராமஸ்வாமி’ ஆகியவை ஒரே சாவிக்கு வரும்படி முன்னால் உள்ள இகரத்தை எடுத்து, ‘ஸ்வாமி’யைச் ‘சாமி’ ஆக்குங்கள். இந்தச் சாவி கணினிக்கு மட்டுமே உரியது. அவர் தம் பெயரை எப்படி எழுதுகிறாரோ அப்படியே பெயர்ப் பத்தியில் இருக்க வேண்டும். ஒருவருடைய பெயரைத் திருத்தி எழுத நமக்கு உரிமை இல்லை.

எக்செலைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 91 சேர்த்த பன்னிரண்டு இலக்க எண்களை அது 9.19E+11 என்பது போன்ற அடுக்குக் குறியாகச் சுருக்கிக் காட்டும். அந்த நிலையில் சி.எஸ்.வி. கோப்பாகச் சேமித்தால் கடைசி இலக்கங்கள் போனது போனதுதான். கதவிலக்கம் ‘3/12’ என்றிருந்தால் அது தேதியாக மாறிவிடும். கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறக்காமல், எல்லாப் பத்திகளையும் உரை என்று குறித்து உள்ளே கொண்டுவாருங்கள்.

இனி ஊர்ப் பெயர்கள். உங்கள் பட்டியலில் மாயவரம், மாயூரம், மயிலாடுதுறை மூன்றும் இருக்கும். 1982-இல் பெயர் மாறியும் பேச்சில் பழைய பெயர் இன்னும் வாழ்கிறது. மாவட்டப் பத்தியின் நிலை இதைவிட மோசமாக இருக்கும். தஞ்சாவூரிலிருந்து 1991-இல் நாகப்பட்டினமும், பிறகு 1997-இல் நாகப்பட்டினம், தஞ்சாவூர் மாவட்டப் பகுதிகளிலிருந்து திருவாரூரும், 2020 டிசம்பரில் நாகப்பட்டினத்திலிருந்து மயிலாடுதுறையும் தனி மாவட்டங்களாயின. ஒரே கிராமம் எழுதிய ஆண்டைப் பொறுத்து வெவ்வேறு மாவட்டங்களில் இருக்கும். ஆகவே மாவட்டத்தைக் கையால் எழுதவே விடாதீர்கள். கிராமத்தைத் தேர்வு செய்தால் வட்டமும் மாவட்டமும் ஓர் உதவி அட்டவணையிலிருந்து தாமாக வர வேண்டும். ஒன்றிய அரசின் உள்ளாட்சி அமைப்புகள் விவரத் தொகுப்பில் ஒவ்வொரு கிராமத்துக்கும் தனிக் குறியீட்டு எண் உள்ளது. அதைப் பிடித்துக்கொண்டால் எதிர்காலத்தில் எல்லை மாறினாலும் அட்டவணையை மட்டும் திருத்தினால் போதும்.

அஞ்சல் குறியீட்டு எண்ணை வைத்து மாநிலத்தை முடிவு செய்யாதீர்கள். காரைக்காலின் 609602 என்ற எண்ணும் மயிலாடுதுறையின் 609001-உம் ஒரே 609 வரிசையில் வருகின்றன. ஆனால் காரைக்கால் புதுச்சேரியைச் சேர்ந்தது. சில்லறை விற்பனையாளரின் ஜி.எஸ்.டி. எண் அங்கே 34 என்று தொடங்கும், நமக்கு 33. அந்தப் பதினைந்து இடங்களில் மூன்றாவது முதல் பன்னிரண்டாவது வரை உள்ளது அவருடைய பான் எண். விற்பனையாளர்களின் இரட்டைப் பதிவுகளைப் பிடிக்க அதைவிட நல்ல அடையாளம் கிடைக்காது. கும்பகோணத்துக்கு அருகிலுள்ள திருபுவனத்தையும் சிவகங்கை மாவட்டத்துத் திருப்புவனத்தையும் ஒன்றாக்கிவிடாதபடியும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒற்றெழுத்துகளைப் புறக்கணிக்கும் விதியை ஊர்ப் பெயருக்குப் போட்டால் இது நிச்சயம் நடக்கும்.

வெட்டாறு எழுதியது:

எல்லோரும் சரியான பதிவைப் பற்றிப் பேசுகிறீர்கள். அனுப்ப அனுமதி உள்ள பதிவா என்பதையும் பார்க்க வேண்டும். 2023-ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, ஒப்புதலின் அடிப்படையில் ஒருவரின் விவரத்தைப் பயன்படுத்துவோர் எதற்காக வாங்குகிறோம் என்று அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். அந்த அறிவிப்பைத் தமிழிலும் படிக்க அவருக்கு வாய்ப்பு இருக்க வேண்டும். ஒப்புதலைத் தந்த அளவு எளிதாகத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும். 2025 நவம்பரில் விதிகள் வெளியாகிவிட்டன. முக்கியமான கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். சில்லறை விற்பனையாளர் கொடுத்த பட்டியலில் உள்ளவர்கள் உங்களிடம் எதையும் சொன்னவர்கள் அல்லர். அவர்களுக்கு நேரடியாக விளம்பரம் அனுப்பாமல் அந்த விற்பனையாளர் வழியாகவே செய்தி சொல்வது முறை என்பேன்.

‘இனி அனுப்ப வேண்டாம்’ என்று சொன்னவரின் வரியை அழிப்பது போதாது. அடுத்த மாதம் வேறு கோப்பிலிருந்து அதே எண் மறுபடியும் ஏறிவிடும். அத்தகைய எண்களுக்குத் தனிப் பட்டியல் ஒன்றை வைத்து, ஒவ்வொரு முறை அனுப்பும் முன்பும் அதோடு ஒப்பிட வேண்டும். காலமானவர்களின் பதிவுக்கும் இதே ஏற்பாடு வேண்டும். வாரிசின் பெயருக்கு நீங்களாக மாற்றிவிடாமல், அவர்கள் விருப்பத்தைக் கேட்டு மாற்றுங்கள்.

துண்டிக்கப்பட்ட எண் 90 நாள்கள் கழிந்தால் வேறு ஒருவருக்குப் போகலாம். 2018-இல் ஏர்செல் சேவை நின்றபோது நம் பக்கத்தில் எண்ணற்றோர் எண்ணை இழந்தார்கள் அல்லது வேறு நிறுவனத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். அதற்கு முன் எழுதி, அதன்பின் ஒருமுறைகூட உறுதி செய்யப்படாத எண்களை முதலில் தனியே எடுத்து வையுங்கள்.

வெண்ணாறு எழுதியது:

அரசலாறு சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். தமிழில் குறுஞ்செய்தி அனுப்பும்போது ஒரு செய்திக்கு 70 இடங்களே, ஆங்கிலத்தில் 160. மெய்யெழுத்து, உயிர்மெய் பலவும் இரண்டு இடங்களைப் பிடிக்கும். பெயரைச் செய்திக்குள் செருகினால் நீண்ட பெயர்களுக்கு அது இரண்டு செய்திகளாகி இருமடங்குச் செலவாகும். பெயர்ப் பத்தி உறுதியாகும் வரை ‘உழவர் பெருமக்களுக்கு’ என்று பொதுவாகவே அனுப்பிவிடுங்கள். செலவும் குறையும், யார் மனமும் புண்படாது.

குடமுருட்டி ஐயா கேட்ட மூன்று மாதக் காலத்துக்கு என் யோசனை இது. நாற்பதாயிரம் வரிகளையும் ஜூனுக்குள் முடிக்க முயல வேண்டாம். கடந்த இரண்டு ஆண்டுகளில் பில் உள்ளவர்களை மட்டும் முதலில் எடுத்துக் கிளைவாரியாகப் பிரியுங்கள். கணினி ‘ஒருவேளை ஒரே ஆளாக இருக்கலாம்’ என்று சொல்லும் இணைகளை அச்சிட்டு, அந்தந்தக் கிளையில் நெடுங்காலமாக இருக்கும் ஊழியரிடம் கொடுங்கள். எந்தத் தெருவில் எந்தக் குடும்பம், யார் பங்காளி, யார் பேரன் என்று அவருக்குத் தெரியும்; தலைமையகத்தில் இருந்துகொண்டு நாம் மண்டையை உடைத்துக்கொள்ளும் இணையை அவர் பார்த்த மாத்திரத்தில் தீர்த்துவிடுவார். அந்த அறிவுக்குரிய மதிப்பையும் நேரத்தையும் கொடுங்கள். மற்ற வேலைகளுக்கு இடையில் பார்த்துக்கொள்ளச் சொல்லாதீர்கள்.

கவுண்டரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜூனில் கூட்டம் அலைமோதும்போது ஒருவரிடம் பத்து விவரங்கள் கேட்பது நடக்காத காரியம். கைபேசி எண்ணைக் கேட்டு முதலில் தேட வேண்டும். இருந்தால் யார் என்று தேர்வு செய்வதோடு முடிந்தது. இல்லாவிட்டால் பெயர், கிராமம், எண் மூன்று மட்டும். பரப்பு, பயிர், பாசன வசதி முதலியவற்றைக் கோடையில் களப்பணியாளர் நிதானமாகக் கேட்கட்டும். அவர்களுக்குப் புதிய பெயர்களின் எண்ணிக்கையைப் பார்த்து ஊக்கத்தொகை கொடுக்கும் வழக்கம் உங்களிடம் இருந்தால் அதை இந்தப் பருவத்துக்கு முன்பே நிறுத்திவிடுங்கள். எண்ணிக்கைக்குப் பணம் கொடுத்தால் எண்ணிக்கை வரும். ஒரே விவசாயி மூன்று எழுத்துக்கூட்டலில் வருவார். பழைய பதிவு ஒன்றை நேரில் கேட்டு உறுதி செய்வதற்கும் புதிய பெயருக்குத் தரும் அதே தொகையைக் கொடுங்கள்.

மாதம் ஒருமுறை ஒவ்வொரு கிளையிலிருந்தும் குலுக்கல் முறையில் முப்பது பதிவுகளை எடுத்து, வேறு கிளை ஊழியரைக் கொண்டு அழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எண் சரியா, பெயர் சரியா, ஊர் சரியா என்ற மூன்று கேள்விகள் போதும். வந்த விடையை அந்தந்தக் கிளை மேலாளருக்கு எழுத்தில் அனுப்பி, தவறான பதிவு எந்த வழியாக உள்ளே வந்தது என்பதையும் அதில் குறியுங்கள். தொடர்ந்து ஒரே வழியில் தவறு வந்தால், பட்டியலைத் திருத்துவதை நிறுத்திவிட்டு அந்தப் படிவத்தையோ மென்பொருள் திரையையோ மாற்றுங்கள்.